அட்டையில் வராத காவாலி

என் ஒரேயொரு சொந்த மச்சான் சுதனுக்கு,

ஸ்காபரோவில், எங்கள் டோர்செட் பார்க்கில் பாதிப் பேர் உன்னை மச்சான் என்றுதான் கூப்பிட்டார்கள். தமிழ்ப் பெடியள், சோமாலியப் பெடியள், முடிவெட்டுகிற ஜமேக்காக்காரர், எல்லாருக்கும் நீ மச்சான். ஆனால் உன் அம்மாவின் தம்பி மகள் என்ற முறையில் அந்தச் சொல்லுக்கு உண்மையான உரித்துக்காரி நான் ஒருத்திதான். அந்த உரித்தோடு எழுதுகிறேன். செய்தியும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது.

செய்தி இதுதான். உன்னை அட்டையில் போடக் கேட்டார்கள். ஓம், அந்தச் சஞ்சிகைதான். நீ பாட்டுப் பாட்டாக அனுப்பியும் ஒருவரி பதில் போடாத அதே ஹிப்-ஹொப் சஞ்சிகை. நீ போன பிறகு யாரோ உன் பாட்டை ஒரு வீடியோவுக்குப் பின்னால் போட, அது எல்லாருடைய போனிலும் சுற்றியது. ‘காவாலி’ என்ற பெயரில் ராப் பாடியவன் யார் என்று தேடி, கடைசியில் என்னிடம் வந்தார்கள். உன் படம் எல்லாவற்றையும் எடுத்தவள் நான்தானே.

சஞ்சிகை ஆசிரியர் போனில் முதலில் கேட்டது, உன் சாவு ‘ஸ்ட்ரீட்’ சம்பந்தப்பட்டதா என்று. ஓம் என்றேன். “ஃபோர் ஓ ஃபோர் ஹைவே. ஐஸில வான் வழுக்கினது.” நீ பேக்கரிக்குப் பாண் ஏற்றிக்கொண்டு போனவன் என்று சொன்னபோது, அந்த மனிதரின் குரலில் ஒரு ஏமாற்றம் இருந்தது என்று சத்தியம் பண்ணுவேன். சுடுபட்டுச் செத்திருந்தால் அவருக்கு வேலை லேசாகியிருக்கும்.

லோரன்ஸ் பிளாசாவில் அந்த முடிவெட்டுகிற கடையின் சுவர் நினைவிருக்கிறதா? பழைய சஞ்சிகைகளின் அட்டைகளை வெட்டி, கண்ணாடிக்கு மேலே கூரை வரைக்கும் ஒட்டியிருந்தார்கள். நீ உன் முறைக்குக் காத்திருப்பாய். நான் உன் அம்மா, என் மாமி, அனுப்பிய காவல். உண்மையில் இரண்டு பேரும் அந்தச் சுவரைப் பார்க்கத்தான் போனோம். ஒரு பாடகர் கைக்குழந்தையை நெஞ்சில் படுக்க வைத்திருந்தார். இன்னொருவர் வெள்ளைச் சூட் போட்டு, மடி நிறையப் பூ வைத்திருந்தார். மொட்டை அடித்த ஒருத்தி, கழுத்து வரைக்கும் பொத்தான் பூட்டிய சட்டையோடு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி இருந்த மற்றப் பெண்களுக்கெல்லாம் அரைகுறை உடுப்பு.

“ஏன்டா, ஆம்பிளையளுக்கு மட்டும் முழு உடுப்பு, பொம்பிளையளுக்குத் துணிப் பஞ்சமோ?” என்று கேட்டேன்.

“அதுதான் மச்சாள், இவ பொத்தானைப் பூட்டிக்கொண்டு நிக்கிறா” என்றாய். பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னாய்: “பேப்பரில கறுப்புப் பெடியன்ர முகம் வந்தா அது பொலிஸ் எடுத்த படம். இதுகள்தான் அவங்கள் தாங்களா நிண்டு எடுத்த படம்.”

நான் கமெரா வாங்கியது அந்த வசனத்தால்தான். உனக்குச் சொன்னதில்லை. சொன்னால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவாய் என்று பயம்.

அந்தச் சுவரில் முறைக்கிற முகங்களும் இருந்தன. உனக்காக நான் சிரிக்க மாட்டேன் என்று முதல் முறைத்தவனுக்கு அது ஒரு கவசமாக இருந்திருக்கும். பிறகு அது விற்கிற சரக்கு என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவன் சிரிக்க நினைத்தாலும் விடவில்லை.

இதெல்லாம் எங்களுக்கு விளங்கியிருந்தும் அந்த முறைப்பு எங்களுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. உங்கள் கட்டடத்துப் படிக்கட்டில், ஹூடியை இழுத்து மூடிக்கொண்டு நீ நின்றாய். “இன்னும் முறை, இன்னும்” என்று நான் கத்தினேன். மேல்மாடி அன்ரி சாமான் பைகளோடு வந்து, “தம்பி, ஆரோடை கோவம்? கோவம் முடிய இந்த வெங்காயப் பையை ஒருக்காத் தூக்கிவிடு” என்றார். லிஃப்ட் வழமைபோல உடைந்திருந்தது. நீ ஹூடியோடு வெங்காயம் சுமந்தாய். அதற்குச் சற்று முன் எடுத்த படத்தைத்தான் சஞ்சிகைக்காரர் உன் இணையப் பக்கத்தில் இருந்து எடுத்திருந்தார்கள்.

நான் அவர்களுக்குக் கொண்டுபோனது மற்றப் படம். தேவாலய மண்டபத்தில் உன் முதல் மேடை இருந்த அன்று, வீட்டில் எடுத்தது. வெளிக்கிடும்போது மாமி உன்னைப் பிடித்து பல்கனிக் கதிரையில் இருத்தி, “காவாலி மாதிரிப் போகாதை, இரு, தலை இழுத்து விடுறன்” என்று சீப்போடு நின்றார். நீ கண்ணை மூடி, நெளிந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாய். அன்று மேடையில் பெயர் என்ன என்று கேட்டபோது நீ “காவாலி” என்று சொல்ல, முன்வரிசையில் மாமி முகத்தைக் கையால் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன். விரல் இடுக்கால் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

சஞ்சிகை அலுவலகத்தில் அட்டையின் மாதிரியைக் காட்டினார்கள். படிக்கட்டு. ஹூடி. படத்தை இன்னும் இருட்டாக்கியிருந்தார்கள். உன் நெஞ்சுக்குக் குறுக்கே பெரிய ஆங்கில எழுத்தில் ‘ஸ்காபரோவின் கேங்ஸ்டர்’. அங்கே வேலை செய்கிற அஜய் என்ற தமிழ்ப் பெடியன்தான் உன் பெயரை அவர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவன். இங்கே பிறந்தவன்.

“அக்கா, காவாலி எண்டா கேங்ஸ்டர் தானே?”

“ஆர் சொன்னது?”

“நியூஸில பெடியளைப் பிடிச்சுக்கொண்டு போகேக்க அப்பா சொல்லுவார், காவாலியள் எண்டு.”

“உன்னை ஒருக்காலும் சொல்லேல்லையோ?”

“சொன்னவர். நான் முடி வளர்த்த நேரம். ஸொக்ஸைக் கழட்டிச் சோபாவில போட்டாலும் சொல்லுவார்.”

“அப்ப நீ கேங்ஸ்டரோ?”

“ஓ மை கோட்” என்றான்.

அவனில் எனக்குக் கோபம் இல்லை. சொல்லின் சத்தம் மட்டும் கைக்கு வந்து பொருள் வராமல் போனது அவன் பிழையா? ஆசிரியரில்தான் கோபம். தலை இழுக்கிற படத்தை அவர் தள்ளிவைத்துவிட்டு, “அழகான படம், ஆனால் இது குடும்ப அல்பம்” என்றார். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். படிக்கட்டுப் படமும் அந்த வரியும் என்றால் அட்டை உனக்கு. இல்லையென்றால் வேறு ஆள். பிள்ளையை நெஞ்சில் படுக்க வைத்த அட்டை அவருக்குத் தெரியாதா? அந்த மாதிரி அட்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்தானே அவரும்?

ஸ்ரௌவ்வில் என்ற புறநகருக்குப் போனேன். மாமாவும் மாமியும் இப்போது அங்கே. சுற்றிவர எல்லா வீடும் ஒரே மாதிரி, எனக்கு ஒவ்வொரு தடவையும் வாசல் பிழைக்கும். ஹோலில் மாதா படத்துக்குப் பக்கத்தில் நீ கறுத்தக் கோட்டும் சிவப்பு டையும் கட்டித் தொங்குகிறாய். உன் மரண அறிவித்தலுக்குப் படக்கடையில் செய்த படம். தலை உன்னுடையது, உடம்பு யாருடையதோ. நீ ஒரு நாளாவது டை கட்டியிருக்கிறாயா?

“கோட் போட்ட படத்தைக் குடன்” என்றார் மாமா. “நாலு பேர் மதிக்கட்டும். கறுப்பங்களின்ர பாட்டைப் பாடித்தான் பிள்ளை உந்தப் பேர் எடுத்தது.”

“மாமா, நியூஸில எங்கட பெடியளின்ர படமும் வந்ததுதானே? அதைப் பார்த்திட்டு வெள்ளைக்காரர் எங்களைப் பற்றி என்ன நினைச்சவை? நீங்கள் இப்ப அதையே அவையைப் பற்றிச் சொல்லுறியள்.”

எங்கள் ஆட்களின் கோட்டும் சஞ்சிகைக்காரரின் ஹூடியும் ஒரே கடைச் சாமான், மச்சான். இரண்டும் உன்னைப் பார்க்க விருப்பமில்லாதவர்கள் போர்த்திவிடுவது.

மாமி அட்டையின் மாதிரியை மடியில் வைத்து உன் முகத்தை மட்டும் பார்த்தார். “இதைப் போட்டா பிள்ளை அட்டையில வருவானோ?”

“வருவான் மாமி.”

“மற்றதைக் குடுத்தா?”

“வரமாட்டான்.”

“அப்ப போடச் சொல்லு. அவன்ர ஆசை தானே. நான் ஆர் மறிக்க?”

எனக்கு அழுகை வந்தது. நானும் ஓம் என்றுதான் சொல்லப் போனேன். அப்போது மாமி எழுத்தில் விரலை வைத்து, “இதில என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார். சொன்னேன். உன் பெயருக்கு அதுதான் அர்த்தமாம் என்றும் சொன்னேன்.

மாமி சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “அது நான் பேசின பேச்சுத்தானே,” என்றார். “தலை இழுக்க வா எண்டு நான் கூப்பிட்ட பேச்சு. அதை எடுத்து, பெத்த தாயே தன்ர பிள்ளையை றவுடி எண்டு சொன்ன மாதிரி எழுதி வைச்சிருக்கிறாங்கள்.” மாதிரியை மடித்து என் கையில் தந்தார். “படம் வராட்டிப் போகட்டும். என்ர பேச்சை அவங்களுக்குக் குடாதை.”

நான் தலை இழுக்கிற படத்தை அனுப்பி, ‘காவாலி’ என்ற சொல்லைத் தமிழ் எழுத்திலேயே, மொழிபெயர்க்காமல் போடுங்கள் என்று எழுதினேன். அஜய் எனக்காகச் சண்டை பிடித்தானாம். முடியாது என்று பதில் வந்தது. அட்டை உனக்கு இல்லை, மச்சான். நீ ஆசைப்பட்ட ஒன்றை உன்னைக் கேட்காமலே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? “போட்டுத் துலைக்கட்டும், அட்டை அட்டைதான்” என்றிருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவும் மாட்டேன்.

சஞ்சிகை போன கிழமை வந்தது. அட்டையில் மோல்வேர்ன் பக்கத்துக் கறுப்பினப் பெட்டை ஒருத்தி. நன்றாகப் பாடுகிறாள், உனக்குப் பிடித்திருக்கும். நெற்றியைச் சுருக்கி, கண்ணை இடுக்கி, ஆளைக் கொல்கிற பார்வை. அந்தப் பார்வையைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். ஸ்காபரோவின் கோபமாம், தெருவின் நெருப்பாம். அவளுக்கு வாழ்த்து எழுதினேன். பேச்சு வளர்ந்தது. அந்தப் பார்வை எப்படி வந்தது என்று கேட்டேன்.

அவள் சொன்னாள்: “கண்ணாடியைக் கழட்டச் சொல்லிப்போட்டாங்கள். அது இல்லாமல் எனக்குக் கண் தெரியாது. கமெரா எந்தப் பக்கம் நிக்குது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.”

வாற சனிக்கிழமை அவள் என் வீட்டுக்கு வருகிறாள், கண்ணாடியோடு. எப்படி நிற்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் நிற்கிற மாதிரி எடுப்பேன், அவளுக்குப் பிறகு வருகிறவர்களையும் அப்படியே எடுப்பேன். எந்த அட்டைக்காரன் கேட்டாலும் அதைத்தான் கொடுப்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

முறையான, ஒரேயொரு,
உன் மச்சாள்