அண்ணர் வீட்டுக் கணப்படுப்பு

ஒஸ்லோ,
தை 14

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

நீரும் மாமியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். எனக்கும் குறையில்லை. உம்முடைய அண்ணரின் போனில்தான் கதைக்கலாம், அவருக்குக் கேட்கும், அதனால் எழுதுகிறேன்.

அவர் அனுப்பிய கணப்படுப்புப் படத்தைப் பார்த்து, "அண்ணா வடிவாய்க் கட்டியிருக்கிறார்" என்றீராம். அதன் உள்சுவருக்கு நெருப்புத் தாங்கும் செங்கலை ஒவ்வொன்றாய் வெட்டி வைத்தவன் நான். முழங்கால் தோல் உரிந்ததும் எனக்குத்தான்.

சாந்து காய ஒரு கிழமை விடச் சொன்னேன். மறுநாளே விருந்துக்கு ஆட்கள் வந்ததும் விறகை அடுக்கிக் கொளுத்தினார். ஈரம் காயாத சுவரில் மூன்று கற்கள் வெடித்தன. ஒரு சில்லு என் நெற்றியில் பட்டது. சின்னக் கீறல்தான், பயப்படாதேயும். அவரோ எல்லோருக்கும் முன்னால், "ஊரிலை பெரிய மேசன் எண்டவர், வேலையைப் பாருங்கோ" என்று சிரித்தார்.

"காயேல்லை எண்டு சொன்னனான் தானே?" என்றேன்.

"வீட்டுக்காரன் நானோ, நீரோ?" என்றார்.

கற்களை மாற்றிவிட்டேன். இந்தமுறை ஒரு கிழமை பொறுத்துத்தான் மூட்டினார்.

அவர் வேலையால் வருகிற நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். எங்கள் கட்டிலில் கிடக்கிற போர்வையை அனுப்பும். அங்கே கடையில் இல்லையா என்று கேட்காதேயும். நான் கட்டிய அடுப்பு மேலே விருந்தறையில் எரிகிறது. உம்முடைய அண்ணர் என்னைப் படுக்க விட்டிருப்பது ஹீட்டர் இல்லாத நிலவறையில்.

அமலசீலன்