திராட்சரசம் கொட்டிய பதிவேடு

அன்பு மகள் ஜெமிமாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், லூதியானா குளிரில் நாள் முழுக்க வார்டில் நிற்கும் உன் உடம்பை நினைத்தால்தான் கவலை. சித்தூரில் மழை விட்டபாடில்லை. இதைப் போனில் சொல்ல முடியாது, அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் கடிதம். எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

போன சனிக்கிழமை, மறுநாள் திருவிருந்துக்காக அம்மா திராட்சையைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி வடிகட்டி மேசைமேல் ஆற வைத்திருந்தாள். வடமாலபேட்டைக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குச் சான்றிதழ் கேட்டிருந்தார், அதற்காக அதே மேசையில் நீ கொடுத்த லேப்டாப்பில் நம் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கை பட்டுப் பாத்திரம் சாய்ந்துவிட்டது. கர்த்தருடைய பந்திக்கு வைத்ததாயிற்றே என்று மிச்ச ரசத்தைக் காப்பாற்ற ஓடினேனே தவிர, கீபோர்டுக்குள் இறங்கியதைக் கவனிக்கவில்லை. அப்புறம் துடைத்துவிட்டு, உயிர் இருக்கிறதா என்று நாலைந்து முறை ஆன் செய்து பார்த்தேன்.

திங்கட்கிழமை பஸ் ஏறித் திருப்பதியில் ஹரிபாபு என்பவரின் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். அடிமூடியைக் கழற்றிக் காட்டினார், போர்டு முழுக்க ஜாம் தடவியதுபோல் ஒட்டியிருந்தது, ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. தண்ணியா இருந்தா காஞ்சிப்பூடும் சார், சக்கர காயாது, நீங்க ஆன் பண்ணிக்கினே இருந்தீங்க பாருங்க, அதுலதான் இன்னும் கெட்டுப்போச்சு என்றார். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்பிரிட்டில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்க்கிறார். டிஸ்க்கை மட்டுமாவது எடுத்துக் கொடுங்கள் என்று கெஞ்சினேன், இந்த மாடலில் அது போர்டிலேயே ஒட்டியிருக்கிறது, போர்டு பிழைத்தால்தான் உள்ளே இருப்பது கிடைக்கும் என்கிறார். வருகிற சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

கையால் எழுதின பழைய நோட்டு இருக்கிறதே என்பாய், அம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இல்லையம்மா. கிழிந்த வேதாகமத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் எரிப்பது நம் வழக்கம், அதேபோல, கரையான் அரித்த அந்தப் பக்கங்களை டைப் செய்து முடித்ததும் ஜெபம் பண்ணிக் கோயிலுக்குப் பின்னால் நானே எரித்துவிட்டேன். ஞானஸ்நானம் வாங்கின பெயர்களில் யாரும் பஜ்ஜி கட்டிக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். பென்டிரைவில் இன்னொரு காப்பி வைக்கச் சொன்னாய், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். முப்பத்தைந்து வருஷத்துப் பிள்ளைகளின் பெயர்கள், நம் போதகர் ஐயர் என்னை நம்பிக் கொடுத்தது, அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்.

நேற்றிலிருந்து நினைவில் இருப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுகிறேன், நூற்றுப்பதினேழு பேர் தேதியோடு வந்துவிட்டார்கள். பலமனேரிலிருந்து வந்த இரட்டைக் குழந்தைகள்கூட வந்துவிட்டார்கள். உன் பெயரை எழுதினேன், தேதி வரவில்லை. தலையில் தண்ணீர் பட்டதும் நீ வீறிட்டது காதில் கேட்கிறது, தேதி மட்டும் வரவில்லை. அம்மாவைக் கேட்டால் எதற்கு என்பாள்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உனக்குத் துணையாக இருப்பாராக. உன் சர்டிபிகேட் கட்டில் ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்தால் அந்தத் தேதியை எனக்கு எழுதி அனுப்பு, மறந்துவிடாதே, நான் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

உன் நைனா,
இஸ்ரேல்