எல்வினுக்கு எந்த மண்

கேரிபூ, மேய்ன்
1947 அக்டோபர் 3

அன்பு மகள் தெல்மாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அங்கே சியாட்டில் மழையில் நீயும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். முதலில் ஒன்றை எழுதிவிடுகிறேன். உன் தம்பி எல்வின் வலியோடு இறந்தானா என்று நேற்று நான் கேட்கவில்லை. சொல்லக்கூடிய ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் கேட்கவில்லை. மற்றதையெல்லாம் சொல்லக் கை பரபரக்கிறது.

டொமினிக் வந்திருக்கிறான் தெல்மா, மரீன் படையில் எல்வினின் இயந்திரத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் படுத்துத் தோட்டாப் பட்டையை ஊட்டிக்கொண்டிருந்த அதே டொமினிக். பென்சில்வேனியாவிலிருந்து ரயிலில், சொல்லாமல் கொள்ளாமல். உருளைக்கிழங்கு எடுப்பு நடப்பதால் வீட்டில் யாருமில்லை, பளபளக்கும் காலணியோடு நேரே வயலுக்கே வந்துவிட்டான். பெயரைச் சொன்னதும் அப்பா கூடையைக் கீழே போட்டார். அவன் கேட்ட முதல் கேள்வி, "இந்தக் கிழங்குப் பீப்பாயையா ஐயா அவன் ஒத்தைக் கையால தூக்குவான்?" என்பதுதான். அப்பா, "ரெண்டு கையால தூக்கியே நான் பார்த்ததில்லப்பா" என்றார். "அடப்பாவி, அந்தப் புளுகை நம்பித்தான் சார்ஜென்ட் துப்பாக்கி முக்காலியை அவன் தோள்ல ஏத்தினாரு. அன்னையிலேர்ந்து எங்களுக்கு அவன் பேரே உருளைதான்" என்றான். மூன்று வருஷத்தில் உன் அப்பா சிரித்து நான் பார்த்தது நேற்றுதான்.

அந்தத் துப்பாக்கி சூடேறாமலிருக்க அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். நூலகத்தில் எத்தனை போர்ப் புத்தகம் படித்தேன், இது தெரியாது. அவர்கள் சண்டையிட்ட தீவில் குடிக்கவே தண்ணீர் இல்லாதபோதும் எல்வின் தன் குடுவையை அதற்குள் கவிழ்த்து, "குடிச்சுட்டு ஒழுங்கா வேலை பாரு கிழவி" என்பானாம். கடைசி நாள், காயம்பட்டவர்களைக் குன்றிலிருந்து இறக்கி முடிக்கும்வரை சுட்டிருக்கிறான், பதினோரு பேர் பிழைத்தார்கள். தண்ணீர் எடுக்கப்போன டொமினிக் திரும்பி வந்தபோது எல்வின் துப்பாக்கி மேலேயே சாய்ந்து கிடந்தான்.

தீவில் புதைத்த அவன் உடலை ஊருக்குக் கொண்டுவருவதா, அங்கேயே விடுவதா என்று அரசாங்கம் கேட்டு அனுப்பிய தாள் நான்கு மாதமாக எங்கள் இருவருக்கும் நடுவே கிடப்பது உனக்குத் தெரியும். கொண்டுவர வேண்டும் என்பார் அப்பா. கூடப் போரிட்டவர்களோடு இருக்கட்டும், பிரிக்கக் கூடாது என்பேன் நான். டொமினிக் என் பக்கம் பேசுவான் என்று நம்பி, இரவுச் சாப்பாட்டின்போது தாளை அவன் முன் வைத்தேன். அவன் பீன்ஸ் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, "அந்தத் தீவுல அவனுக்கு ஒண்ணுமே பிடிக்கலம்மா. வெயிலைத் திட்டுவான், நண்டைத் திட்டுவான், இருந்தா பனி விழுற ஊர்ல இருக்கணும்பான். கொண்டுவந்துடுங்க. நானும் ரயிலேறி வந்து பார்ப்பேன்ல" என்றான். நான் கிண்ணத்தை மறுபடி அவன் பக்கம் நகர்த்தினேன்.

பயிற்சி முகாமில் எடுத்த எல்வினின் படம் உன்னிடம் இருக்கிறதே, டொமினிக்குக்கு ஒரு பிரதி எடுத்து அனுப்ப மறக்காதே. குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. கடவுள் உங்களை நிழல்போலக் காக்கட்டும்.

உன் அம்மா,
ஹேசல்

கொண்டுவரச் சொல்லி இன்று காலை அந்தத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். ரயில் நிலையத் தபால்பெட்டியில் அதை டொமினிக்கே போட்டான்.