எழுபது கிலோ

ஏப்ரல் 3, வியாழன்
புதுச் சக்கரங்கள் வந்துவிட்டன. பழையதைவிட ஒரு அங்குலம் வெளியே தள்ளி நிற்குமாம். "இப்பத்தான் பெரில், வண்டிக்கு ஒரு களை வந்திருக்கு" என்றான் என் புருஷன் நைஜல். பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வாங்கி, ஆறு வருஷம் கராஜில் கிடந்து அவனே சேர்த்துக் கட்டிய கார். முதல் நீண்ட பயணம் வேல்ஸ் கடற்கரை ஊரான பார்மத்துக்கு, மே 10, அங்கே இருக்கும் என் அக்கா க்ளெனிஸின் எழுபதாவது பிறந்தநாளுக்கு. ரெண்டு பேருமாக. அவனே கொடுத்த வாக்கு.

ஏப்ரல் 6, ஞாயிறு
உரசுகிறது. அவன் தனியாக ஓட்டினால் இல்லை. நான் ஏறினால் பின்பக்க இடது டயர் மட்கார்டில் உரசுகிறது.

ஏப்ரல் 7
காலை முழுக்க என்னைச் சீட்டில் உட்காரவைத்து, அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். "கொஞ்சம் குதி." குதித்தேன். "இன்னும் நல்லா." அறுபத்து நாலு வயதில் குதிக்கிறேன். போதுமா என்றேன். "பேசாதே, அசையுது."

ஏப்ரல் 12
முதுகு விட்டுப்போச்சு, இனி உட்கார மாட்டேன் என்றேன். சரி, மணல் மூட்டை வைக்கிறேன், உன் எடை என்ன என்று கேட்டான். பக்கத்து வீட்டு ட்ரெவர் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.
எழுபது என்றேன். உண்மையில் எண்பத்து நாலு.
போன கிறிஸ்துமஸுக்கு அத்தனை பேர் முன்னால் "பெரிலுக்கு இன்னொரு புட்டிங் வெச்சா நாற்காலி தாங்காது"ன்னவன்தானே. அவன்கிட்ட நிஜத்தைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

ஏப்ரல் 19
மட்கார்டின் உள்விளிம்பை அரத்தால் ராவினான். ஸ்பிரிங்கை எழுபது கிலோவுக்குத் தக்கபடி உயர்த்தினான். மணலோடு ஊரைச் சுற்றிவந்தான். உரசல் இல்லை. மூட்டையைத் தட்டி, "இது வாயும் பேசாது" என்றான். ட்ரெவருக்கு ஒரே சிரிப்பு.

மே 9, வெள்ளி
பெட்டி கட்டியாயிற்று. இப்போது நிஜ எடையைச் சொன்னாலும் அரை மணி வேலைதான். வாய் வரவில்லை.

மே 10, சனி — பார்மத்
வழியெல்லாம் கரகர. வெல்ஷ்பூல் ஊருக்குள் ரப்பர் தீய்ந்த நாற்றம், நிறுத்தினான். டயரின் வெளிவிளிம்பு சீவிக் கிடந்தது. சக்கரம் விற்றவனைத் திட்டினான், ரோட்டைத் திட்டினான். அப்போது சொன்னேன். "நைஜல், நான் எண்பத்து நாலு. எழுபதுன்னது பொய்."
அவன் டயரைத்தான் பார்த்தான். "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா ஸ்பிரிங்கை ரெண்டு சுத்து ஏத்தியிருப்பேனே."
அவ்வளவுதான். ஏன் பொய் சொன்னே — அதைக் கேட்பான் என்று நின்றேன். கேட்டிருந்தால் அழுதிருப்பேன், அவனோடேயே வீட்டுக்குத் திரும்பியும் இருப்பேன்.
"நீ ரயில்ல போயிடு. ஒரு ஆள்னா உரசாது, நான் மெதுவா வீட்டுக்குப் போயிடறேன்."
பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது கேக் வெட்டி முடிந்திருந்தது. க்ளெனிஸ் என் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். பெரிய துண்டாக எடுத்து வைத்தாள். முழுதும் தின்றேன்.

மே 18
இன்னும் க்ளெனிஸ் வீட்டில்தான். அவனிடமிருந்து போன் இல்லை.

ஜூன் 1, ஞாயிறு
நைஜல் கூப்பிட்டான். கார்க்காரர்கள் கூட்டத்துக்குப் போயிருந்தானாம், சக்கரத்தை எல்லாரும் நின்று பார்த்தார்களாம். ஸ்பிரிங்கைப் பழையபடி இறக்கிவிட்டானாம், ஒரு ஆளுக்கு அதுதான் அழகாம். சந்தோஷம் என்றேன்.
எப்போது வருகிறாய் என்று கேட்பான் என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு என் குளிர்கால கோட்டைத் தபாலில் அனுப்பச் சொன்னேன்.