கண் சிமிட்டவும்

என் செல்ல வாண்டுவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம், நான் சுகம் என்பதற்கு இந்தத் தடவை முத்திரை குத்திய காகிதமே இருக்கிறது, அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பன் அறுபத்துமூன்று வயதில், நாலு பேர் பார்க்க, ஓர் அலுவலகத்துப் பெண்மணியைப் பார்த்து மூன்று தடவை கண்ணடித்துவிட்டான். செவ்வாய்க்கிழமை காலையில் உன் போனை முகத்தில் அடித்த மாதிரி கட் பண்ணியதும் அங்கே வைத்துத்தான். சாயங்காலம் நீ "என்மேல கோவமாப்பா" என்று கேட்டாய், நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லித் தப்பித்தேன். போனில் உண்மையைச் சொன்னால் அம்மா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்தம் போடுவாள், அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

பென்ஷன் வாங்குகிறவன் உயிரோடு இருக்கிறானா என்று வருஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பார்கள். முன்னெல்லாம் பென்ஷன் ஆபீஸில் போய் நின்றால் குமாஸ்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், இருக்கிறான் என்று எழுதிக்கொள்வார். இப்போது மனுஷன் பார்த்தால் செல்லாதாம், போன் பார்க்க வேண்டுமாம். அந்தம்மா என் போனையே வாங்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள், அது "கண் சிமிட்டவும்" என்றது. சிமிட்டு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், மரியாதையாக ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தேன். மீண்டும் சிமிட்டவும் என்றது, மீண்டும் அப்படியே அடித்தேன், அப்போதும் விடவில்லை. ஸ்டைல் பற்றவில்லை போலிருக்கிறது என்று மூன்றாவது தடவை புருவத்தையும் சேர்த்துத் தூக்கினேன். போனுக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை நிற்கிறாளே என்று உறைக்கவே இல்லை. "சார், ரெண்டு கண்ணையும் மூடித் திறக்கச் சொல்லுது, நீங்க என்னைப் பாத்து என்ன பண்றீங்க" என்று அவள் அதட்டினாள். பின்னால் பெஞ்சிலிருந்து உன் அம்மா, "முப்பத்தஞ்சு வருஷமா வீட்டுல ஒரு தடவைகூட அடிக்கல, இங்க வந்து அடிக்கிறாரு பாருங்க" என்று வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் நியாயம் கேட்டாள்.

விஷயம் புரிந்த பிறகுதான் வினையே. இத்தனை வருஷம் என்னைக் கேட்காமல் தானாகச் சிமிட்டிக்கொண்டிருந்த இமை, நான் மேற்பார்வைக்கு வந்ததும் வேலைநிறுத்தம் பண்ணிவிட்டது. மெதுவாக மூடினால் தூங்கும் முகம் என்றது, வேகமாக மூடினால் புகைப்படத்தைக் காட்ட வேண்டாம் என்றது. என்னையேதானம்மா புகைப்படம் என்றது! "உயிரோடதாம்மா இருக்காரு, காலையிலகூட குழாயை மூடலைன்னு என்கிட்ட கத்தினாரு" என்று அம்மா சாட்சி சொன்னாள். "எனக்குத் தெரியுதும்மா, அதுக்குத் தெரியணுமே" என்றாள் அவள். மொத்தம் பத்து வாய்ப்புதான், பத்தும் போனால் விசாரணை முடிகிற வரை பென்ஷன் நின்றுவிடும் என்றாள், அதற்குள் ஒன்பது போயிருந்தது.

முப்பது வருஷம் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். உள்ளே இருமல் சத்தம் கேட்கும், ஆனால் கதவைத் திறக்காவிட்டால் "கதவு பூட்டியிருந்தது" என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். அன்றைக்கு நான்தான் அந்த வீடு. உள்ளே இருந்து கத்துகிறேன், வெளியே ஒருத்தன் கதவு பூட்டியிருந்தது என்று எழுதிக்கொண்டிருக்கிறான். உன் சித்தப்பா ஒரு கைக்கடிகாரம் வாங்கியிருக்கிறார், அது அவ்வப்போது மூச்சு விடச் சொல்கிறது, அவரும் சரி என்று விடுகிறார், நான் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. இமை என் பேச்சைக் கேட்காது, மூச்சு கேட்காது, அப்படியென்றால் உள்ளே நான் என்று உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்னதான் வேலை? ஞாயிறுதோறும் நீ போனில் "எப்படிப்பா இருக்கீங்க" என்கிறாய், நானும் "நல்லா இருக்கேம்மா, நீ எப்படி இருக்கே" என்கிறேன், அம்மா சமையலறையிலிருந்து கூடவே ஒப்பிக்கிறாள். அதை ஒரு புகைப்படம்கூடச் சொல்லிவிடும். மெஷின் சொல்வதுதான் சரியோ என்று கொஞ்சம் பயந்துவிட்டேன்.

பத்தாவது தடவை போன் என் முகத்தை முறைத்துக்கொண்டிருந்தபோதுதான் நீ கூப்பிட்டாய். நான் போனில் போட்டு வைத்திருக்கிற உன் படம், முன்பல் ரெண்டும் விழுந்து சிரிக்கிற படம், அது மேலே குதித்து வந்தது. அந்தம்மா "சார், கட் பண்ணுங்க, கட் பண்ணுங்க" என்று அலறினாள், நான் சிவப்பை அமுக்கிவிட்டு நிமிர்ந்தேன், பச்சை எழுத்தில் "உயிருடன் உள்ளார்" என்று வந்துவிட்டது. எப்ப சார் சிமிட்டினீங்க என்று கேட்டாள், மின்விசிறிக் காற்று கண்ணில் பட்டது என்றேன். சான்றிதழில் வந்திருக்கும் படத்தில் ரெண்டு கண்ணும் மூடி வாய் திறந்திருக்கிறது, அதைப் பார்த்தால் எழுத்தை யாரும் நம்பமாட்டார்கள். அம்மா அதை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்துப் போகவர ஒரு கண்ணை மூடிக் காட்டுகிறாள், அவளுடைய முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை.

நீயும் வேலையில் கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டிருக்காதே, அடிக்கடி கண்ணைச் சிமிட்டு, யோசிக்காமல் சிமிட்டு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். ரெண்டு பேரும் குறையில்லாமல் நீண்ட காலம் வாழ எங்கள் ஆசி. மறக்காமல் ஒன்று, அடுத்த வருஷமும் இதே மாதம் என்னைக் கூப்பிடுவார்கள். அப்போது போன் பண்ணாதே, அந்தம்மாவுக்குப் பின்னால் நீயே வந்து நின்றுவிடு என்று செவ்வாய்க்கிழமை சாயங்காலமே வாய்வரைக்கும் வந்தது. அதைத்தான் சிக்னல் சரியில்லை என்று சொன்னேன்.

இப்படிக்கு,
அடுத்த வருஷம் இதே மாதம்வரை உயிருடன் உள்ள
அப்பா