அழைப்பிதழ் கொடுத்த வீடுகள்

2 ஆகஸ்ட் 2025, சனி

பெட்டியை மூன்று தடவை நிறுத்தாயிற்று. இவர் அதைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி நின்று, "இரண்டு கிலோ கூட. மிளகாய்த்தூளை எடும்" என்றார். எடுக்கவில்லை. முழங்கால் நோவால் இவர் வரவில்லை. நியூ மெக்சிகோவுக்கு மகள் மிதுஷாவிடம் நான் மட்டும்தான் போகிறேன். "சாப்பாட்டுச் சாமான் வேண்டாம் அம்மா, காலுக்கு நல்ல சப்பாத்து கொண்டு வாங்கோ. மலைக்கு நடப்பம்" என்று சொல்லியிருக்கிறாள்.

சென்ற வருடம் ஏப்ரலில் அவளுக்குக் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை கிருஷாந், எங்களுக்குப் பக்கத்து ஊர் ஃபாரஸ்ட் கேட் பெடியன். மூன்று கிழமை இருக்கும்போது வேண்டாம் என்றுவிட்டாள். வீடு வீடாகப் போய் அழைப்பிதழ் கொடுத்த எல்லோருக்கும் ஃபோன் எடுத்து, கல்யாணம் இல்லை என்று சொன்னவள் நான். ஆறு மாதத்தில் நியூ மெக்சிகோவில் ஒரு மலையூர் ஆஸ்பத்திரியில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஞாயிறுகளில் அழைப்பாள். "நல்லா இருக்கிறன் அம்மா." அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஏன் நிறுத்தினாய் என்று நானும் இன்றுவரை கேட்டதில்லை. கேட்டால் அந்த அழைப்பும் நின்றுவிடுமோ என்ற பயம்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

வந்து சேர்ந்தேன். மண்நிறச் சுவர்கள், தட்டையான கூரைகள், ஒவ்வொரு தெரு முடிவிலும் மலை. ஊரே உயரத்தில் இருப்பதால் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. கதவைத் திறந்த பிள்ளையைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை: "என்ன பிள்ளை, இப்பிடிக் கறுத்துப் போனாய்!" பதினொரு மாதம் கழித்துப் பார்க்கிற தாய் சொல்லும் கதையா இது? அவள் சிரித்துவிட்டாள், நல்ல காலம்.

7 ஆகஸ்ட், வியாழன்

ஊர் நடுவே சதுக்கம். நிழலில் அந்த மண்ணின் பூர்வகுடிப் பெண்கள் துணி விரித்து வெள்ளி நகை வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றிலும் நீலப்பச்சைக் கல். பத்துச் சோடித் தோடு எடுத்தால் குறைப்பீர்களா என்று டூட்டிங் தமிழ்க்கடைப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன். அந்தப் பெண் கோபிக்கவில்லை. தோட்டைத் திருப்பி, பின்னால் பதித்திருந்த தன் அடையாளத்தைக் காட்டி, ஒவ்வொன்றும் தன் கையால் செய்தது என்றாள். வெட்கமாய்ப் போய்விட்டது. சொன்ன விலைக்கே வாங்கினேன்.

பிறகு மிளகாய்த்தூளும் வாங்கினேன். சந்திக்குச் சந்தி தமிழ்க்கடை இருக்கிற எங்கள் மனோர் பார்க்குக்கு மிளகாய்த்தூள் கொண்டுபோகிற ஒரே மனுசி நான்தான்.

8 ஆகஸ்ட், வெள்ளி

இன்றும் கடைகள். நடக்கப் போகவென்று மிதுஷா லீவு எடுத்திருந்தாள். நாளைக்குப் போவோம் என்றேன்.

9 ஆகஸ்ட், சனி

என் கைப்பையில் பேனா தேடினவள் பட்டியலை எடுத்துவிட்டாள். எந்த வீட்டுக்கு என்ன சாமான் என்ற பட்டியல்.

"அம்மா, இது கல்யாணக் காட் குடுத்த வீடுகள் எல்லே?"

"வெறுங்கையோட போகேலுமே பிள்ளை?"

"நான் நல்லா இருக்கிறன் எண்டு அவைக்குக் காட்டவோ? நீங்கள் என்னைப் பாக்கத்தான் வந்தனீங்களோ?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். பொய்யா சொன்னாள்? ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தோட்டைக் கொடுத்து, மகள் ராசாத்தி மாதிரி இருக்கிறாள் என்று சொல்லத்தானே நினைச்சனான். ஐயோ, இவ்வளவு தூரம் வந்து நான் என்ன செய்துகொண்டு நிக்கிறன்?

10 ஆகஸ்ட், ஞாயிறு

ஆறு மணிக்கு நானே அவளை எழுப்பினேன். "வா, போவம்." மத்தியானத்துக்குப் பிறகு மலையில் இடி இடிக்குமாம், வெள்ளனப் போகவேண்டும். பைன் மரங்களுக்கு ஊடாக ஒற்றையடிப் பாதை. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் நான் உட்கார, அவள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினாள். மூன்றாவதோ நாலாவதோ கல்லில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஏன் பிள்ளை நிப்பாட்டினனீ?"

போத்தல் மூடியைத் திருகி மூடினாள். பிறகு சொன்னாள். "கிருஷாந் கூடாத ஆள் இல்லையம்மா. அவரோட இருக்கேக்க நான் யோசிச்சு யோசிச்சுத்தான் சிரிப்பன். முதலிலயே உங்களிட்டச் சொல்ல மூண்டு நாள் பின்னேரம் வந்தனான். மூண்டு நாளும் நீங்கள் காட் குடுக்கப் போயிட்டியள்."

எனக்கு அந்த மாலைகள் ஞாபகம். ஒவ்வொரு வீட்டிலும் தேநீர் குடித்து, பெருமை பேசி, களைத்து வந்து படுத்த மாலைகள். என் பிள்ளை வெறும் வீட்டில் காத்திருந்திருக்கிறாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னிலதான் பிழை" என்றேன். அவள் இல்லை என்று சொல்லவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

முகில் கறுக்கத் தொடங்க, உச்சிக்குப் போகாமலே இறங்கினோம்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

பெட்டியை அவளே அடுக்கித் தந்தாள். "தோட்டைக் குடுங்கோ அம்மா, வாங்கினது வாங்கினதுதானே. கதை மட்டும் குடுக்காதேங்கோ."

22 ஆகஸ்ட், வெள்ளி

எங்கள் முருகன் கோயிலில், அழைப்பிதழ் வாங்கியிருந்த துசியந்தி அக்கா பிடித்துக்கொண்டார். "மகள் என்ன மாதிரி? சந்தோசமோ?" வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. "தெரியாது அக்கா. இப்பத்தான் கேக்கத் தொடங்கியிருக்கிறன்" என்றேன்.

9 செப்டெம்பர், செவ்வாய்

பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது மிதுஷாவின் அழைப்பு. ஞாயிறுகூட இல்லை. அங்கே காலை.

"அம்மா, இண்டைக்கு எனக்குச் சரியில்லை."

அழத் தொடங்கிவிட்டாள். இரண்டு பஸ் தரிப்பு முன்னதாகவே இறங்கி, யாரோ வீட்டு மதிலோடு சாய்ந்து நின்றேன். அழாதே என்று சொல்லவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை: வேலையில் ஒரு கசப்பு, தனிமை, என் புட்டு நினைவு. எல்லாவற்றையும் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரியம்மா, வேலைக்கு வெளிக்கிடப் போறன்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார். "ஏன் பிந்தினீர்?"

"பிள்ளை ஃபோன் எடுத்தவள். நல்லா அழுதாள்."

இவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். "அதுக்கேன் நீர் சிரிக்கிறீர்?"

அதை அவருக்கு விளங்கப்படுத்தி முடிக்க இராச்சாப்பாட்டு நேரமாகிவிட்டது.