ஐந்து ஷெட், ஒரு தள்ளுவண்டி

மே 12, திங்கள்

காலையிலேயே அனல். அத்திப்பட்டில் ரயில் ஏறி கும்மிடிப்பூண்டி வரை நின்றே பயணம்.

பெயின்ட் கம்பெனியில் இன்றைய வேலை: ஐந்து ஷெட்டின் தீயணைப்பு சிலிண்டர் விவரம், ஐந்து எக்செல் ஷீட்டில். ஒரே மாஸ்டர் ஷீட் ஆக்க வேண்டும். வியாழன் தீயணைப்புத் துறை ஆய்வு. ஷெட்டுக்கு ஷெட் தலைப்பு வேறு. 'சிலிண்டர் நம்பர்', 'எஸ். நம்பர்'. மூன்றாவது ஷெட்டில் வெறும் 'அது'.

தயிர்சாதம் புளித்துவிட்டது.

மே 13, செவ்வாய்

எல்லாம் ஒட்டியாயிற்று. ஒரே நம்பர் இருமுறை வந்தால் நீக்கும் பொத்தானை அழுத்தினேன். ஐந்து ஷெட் சிலிண்டரும் ஒரு ஷெட் அளவுக்குச் சுருங்கின. என் தவறாகத்தான் இருக்கும் என்று மறுபடி செய்தேன். மறுபடியும் அதே.

ஷெட்டுகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் தள்ளுவண்டி முனுசாமியிடம் கேட்டேன். ஒளிக்கவில்லை. "எல்லாம் ஒரே செட்டுதான் சார். ஆபீசர் எந்த ஷெட்டுக்கு வர்றாரோ, அங்க நான் முன்னாடியே தள்ளிக்கினு பூடுவேன். நடுவுல அவருக்கு டீ குடுப்பாங்க."

இப்போதுதான் கவனிக்கிறேன். இங்கே டீ நிறையக் கொடுக்கிறார்கள்.

மே 14, புதன்

மேனேஜரிடம் சொன்னேன். நீக்கியதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். நம்பர் ஒன்றாக இருக்கிறதே என்றேன். கடைசியில் ஏ, பி, சி சேர்க்கலாமே என்றார்.

நாலாவது ஷெட்டில் தின்னர் டிரம்கள்; ஒரு பொறி பட்டால் போதும். முனுசாமியின் மனைவி கஸ்தூரிக்கு அங்கேதான் டின் நிரப்பும் வேலை. அதையும் சொன்னேன்.

"நாலாவது ஷெட்டு ஷீட்டுல சிலிண்டர் இருக்குதா இல்லியா?"

இருக்கிறது.

"அப்புறம் இன்னாப்பா பேஜாரு?"

சேர்த்தேன். ஏ முதல் இ வரை. படித்த ஆங்கிலம் வீண்போகவில்லை.

மே 15, வியாழன்

காற்றே இல்லை. தின்னர் வாசம் ஆபீஸ் மாடி வரை.

ஆய்வு முதல் ஷெட்டில். நாலில் கூரை ஒட்டுவேலை. வெல்டிங் அனுமதிச் சீட்டு என் மேசைக்கு வந்தது. அதில் ஒரு கட்டம்: அருகிலுள்ள சிலிண்டர் நம்பர்? மாஸ்டர் ஷீட்டில் உடனே கிடைத்தது, 'டி' சகிதம். நான் எழுதவில்லை. மேனேஜர் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

முனுசாமிக்கு ஃபோன். ஒன்றையாவது நாலுக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

"ஆபீசர் எண்ணிக்கினு கீறாரு சார். ஒண்ணு கொறஞ்சா மாட்டிக்குவோம்." குரலைத் தாழ்த்தி: "கஸ்தூரி கைல சொல்லுங்க. கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லி."

சன்னலில் தெரிகிறது, நாலில் வெல்டிங்கின் நீல வெளிச்சம். மாடிப்படியடியில் தீயணைக்க வைத்த ஒரு மணல் வாளி. பாதி மணல், மீதி பீடித்துண்டு. மாஸ்டர் ஷீட்டில் அதற்கு இடமில்லை. எடுத்துக்கொண்டு நாலுக்குப் போகிறேன்.